லிஃப்ட் கிட் பெட்டிக்குள் இல்லாத வேலைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபோர் வீல் டிரைவ் வாகனத்தின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை, குறைந்த செலவில் வீட்டிலேயே உயர்த்திக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவந்த கட்டுரையையும், அதைக் கண்டித்துப் பின்னர் அச்சான வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரை இதை ஒரு பகலில் முடிந்துவிடும் எளிய வேலை என்கிறது. கடிதம் எழுதியவர்களோ, பட்டறைக்கு வெளியே யாரும் இதைத் தொடவே கூடாது என்கிறார்கள். வாகனங்களின் அடிப்பகுதியோடு நெடுங்காலமாகப் புழங்கிவருபவன் என்ற முறையில், இரண்டு கருத்துகளையும் என்னால் ஏற்க இயலவில்லை.

முறையான கருவிகளும் பொறுமையும் உள்ள ஒருவர் தம் வாகனத்தை வீட்டில் வைத்து 50 மில்லிமீட்டர் வரை உயர்த்துவது முற்றிலும் இயலக்கூடிய வேலை. அதை நான் ஊக்குவிக்கவே விரும்புகிறேன். ஆனால் கட்டுரை ஸ்பேசர் என்ற இடைக்கட்டையைப் பொருத்திச் சக்கரத்தை மாட்டியவுடன் வேலை முடிந்ததாகச் சொல்லி நின்றுவிடுகிறது. என் பார்வையில் வேலையின் பாதி அங்கேதான் தொடங்குகிறது. வாகனத்தின் சட்டமான சேஸிஸுக்கும் சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சிலுக்கும் நடுவே இருக்கும் ஒவ்வொரு கம்பியும் குழாயும் ஷாஃப்டும் கம்பெனி வைத்த உயரத்துக்கு ஏற்ற நீளத்திலும் கோணத்திலும் செய்யப்பட்டவை. ஸ்பேசர் சேஸிஸை மேலே தூக்குகிறது. மற்றவை பழைய நீளத்திலேயே நின்று, புதிய உயரத்துக்கு இழுபடுகின்றன. வாகனத்தை உயர்த்தும் பாகங்கள் அடங்கிய லிஃப்ட் கிட் மலிவாக இருப்பதற்குக் காரணமே, இழுபடும் பாகங்களுக்கு அது எதையும் தருவதில்லை என்பதுதான். அவற்றைத் தேடிச் சரிசெய்யும் பொறுப்பு முழுவதும் பொருத்துபவரிடம் வந்து சேர்கிறது.

முதலில், இந்த உயர்வினால் எதைப் பெறுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கட்டுரையின் தலைப்பு தரை இடைவெளி கூடும் என்று பொதுவாகச் சொல்கிறது. முன்னும் பின்னும் முழு ஆக்சில் உள்ள வாகனத்தில், தரைக்கு மிக அருகில் தொங்குவது, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரென்ஷியல் உருண்டை. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே எழாது. ஏனெனில் அது சக்கரங்களோடு சேர்ந்தது. அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே, அதுவும் விட்டம் 50 மில்லிமீட்டர் கூடினால் 25 மில்லிமீட்டர்தான். சஸ்பென்ஷன் உயர்வு தருவது வேறொன்று: மேட்டில் ஏறும்போது முன் பம்பரும், இறங்கும்போது பின் பம்பரும், முகட்டைக் கடக்கும்போது வாகனத்தின் வயிறும் இடிக்காத கோணம். இரு ஆக்சில்களுக்கும் இடையே 2400 மில்லிமீட்டர் நீளமும் வயிற்றுக்குக் கீழே 220 மில்லிமீட்டர் இடைவெளியும் உள்ள ஒரு வாகனம் கடக்கக்கூடிய முகட்டுக் கோணம் ஏறத்தாழ 21 டிகிரி. அதை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் கோணம் 25 டிகிரியைத் தாண்டுகிறது. பாறைத் தடங்களில் போகிறவருக்கு அந்த 4 டிகிரி பெரிய வித்தியாசம். மண் சாலையோடு நின்றுகொள்கிறவருக்கு இந்த வேலையே தேவையா என்று நான் கேட்பேன்.

அடுத்து, கட்டுரையில் எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி. முன் ஸ்ட்ரட்டின், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணின், தலையில் வைக்கும் ஸ்பேசரைப் பற்றி எழுதும்போது, எத்தனை உயரம் வேண்டுமோ அத்தனை தடிமனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. சக்கரத்தின் மேற்பகுதியை ஸ்ட்ரட்டே பிடித்திருக்கும் மெக்பெர்சன் வகை வாகனத்தில் இது ஏறத்தாழச் சரி. ஸ்ட்ரட் சக்கரத்துக்கு மிக அருகில் நிற்பதால் ஸ்பேசரின் தடிமனும் சக்கரத்தில் கிடைக்கும் உயர்வும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஆனால் சக்கரத்தைப் பிடிக்க மேலும் கீழுமாக இரண்டு இரும்புக் கைகள் கொண்ட முன் சஸ்பென்ஷனில், ஸ்ட்ரட் கீழ்க்கையின் நடுப்பகுதியில் அமர்ந்திருக்கிறது. அங்கே 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயர்வு கிடைக்கும். கட்டுரையை நம்பி ஒருவர் 50 மில்லிமீட்டர் ஸ்பேசரை வாங்கி வைத்தால், சக்கரம் 100 மில்லிமீட்டர் கீழே இறங்கி நிற்கும். மேல்க்கை காயில் ஸ்பிரிங்கில் உரசும், கையைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தன் எல்லையில் போய் முட்டும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட் தாங்காத கோணத்தில் சுழன்று ரப்பர் உறையைக் கிழித்துக்கொள்ளும். கிட் விற்பவர்கள் பெட்டியின் மேல் ஸ்பேசரின் தடிமனையும் சக்கரத்தில் கிடைக்கும் உயர்வையும் தனித்தனியாக அச்சிட வேண்டும். அப்படி அச்சிடாத கிட்டை வாங்காமல் இருப்பது நல்லது.

முறுக்குக் கம்பியே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் முன் சஸ்பென்ஷனில் ஒரு போல்ட்டை முறுக்கினாலே வாகனம் உயரும், பைசா செலவில்லை என்று கட்டுரையாளர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். உயரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உயர்வு, சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தை எடுத்துக்கொண்டுதான் வருகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்க இடமில்லாமல் இறக்கத்தைத் தடுக்கும் கட்டையில் போய் முட்டும்போது எழும் அதிர்வைத்தான் பலர் ஸ்பிரிங் விறைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பாரின் விறைப்பு மாறவே இல்லை. அசைவதற்கான இடம்தான் குறைந்துவிட்டது. காயிலுக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசரிலும் இதே குறை உண்டு.

பட்டை ஸ்பிரிங் உள்ள பின் ஆக்சிலுக்கு மூன்று மலிவான வழிகள் உள்ளன: பட்டையின் முனையைச் சேஸிஸோடு பிணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போடுவது, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் பிளாக், கூடுதலாகச் சேர்க்கும் ஒரு பட்டை. ஷேக்கிளை நீட்டினால் கிடைக்கும் உயர்வு நீட்டிய அளவில் பாதிதான், ஏனெனில் பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. அத்தோடு ஆக்சில் சற்றுச் சுழன்று ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் பல்சக்கரத்தின் கோணமும் மாறுகிறது. பிளாக்கைப் பின் ஆக்சிலில் மட்டுமே வைக்கலாம். முன் ஆக்சிலில் பிளாக் வைப்பதும், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளாக்குகளை அடுக்குவதும் யார் சொன்னாலும் செய்யக் கூடாதவை. பிரேக் போடும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளும் விசை முழுவதும் அந்த அடுக்கைப் பக்கவாட்டில் தள்ளும். இன்னொன்று, பட்டையை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் அதையே திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை முழு முறுக்கில் இழுபட்ட யூ போல்ட் மறுமுறை அதே பிடியைத் தராது. பிளாக் வைத்தால் எப்படியும் நீளமான புதிய யூ போல்ட் தேவைப்படும். கிட்டில் அது இல்லையென்றால் தனியே வாங்கிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மூன்றில் எது நல்லது என்று கேட்டால், கூடுதல் பட்டையையே நான் சொல்வேன். சவாரி கொஞ்சம் விறைத்தாலும் ஆக்சில் உறுதியாக அமர்ந்திருக்கும்.

எந்த வழியானாலும் குறைந்த செலவு என்ற எல்லைக்குள் 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அதுவரை பெரும்பாலான வாகனங்களின் மூட்டுகள் சிறு திருத்தங்களோடு தாங்கும். அதைத் தாண்டினால் புதிய மேல்க்கைகள், நீண்ட ஷாக் அப்சார்பர்கள், நீண்ட பிரேக் ஹோஸ்கள், டிஃபரென்ஷியலை இறக்கும் பிராக்கெட் என்று பட்டியல் நீளும். அப்போது அது குறைந்த செலவு வேலையாக இருக்காது. அந்தப் பட்டியலை வாங்காமல் 75, 100 என்று உயர்த்தியவர்களின் வாகனங்களே பட்டறைகளுக்கு வந்து சேர்கின்றன.

இனி, வீட்டில் செய்யவே கூடாது என்ற கடிதங்களுக்கு வருகிறேன். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. வாகனத்துக்கு அடியில் நசுங்கி உயிர் போகும் விபத்துகள் உண்மையானவை. ஆனால் அவற்றைத் தவிர்க்கும் வழி பட்டறைக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் அன்று. கான்கிரீட் போன்ற கெட்டியான சமதளம் வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது. தூக்கியதும் வாகனத்தின் எடையைத் தாங்கும் திறன் குறிக்கப்பட்ட ஸ்டாண்டுகளைச் சேஸிஸின் கீழ் வைத்து, எடையை அவற்றின் மேல் இறக்கி, தோளால் வலுவாகத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே உடம்பின் எந்தப் பகுதியையும் அடியில் நுழைக்க வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை நம்புவதில் ஓர் ஆபத்து உண்டு, அதைப் பலரும் அறிவதில்லை. பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கிவிட்டால், பின் சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக் எதையும் பிடிக்காது. சில ஆஃப் ரோடு வாகனங்களில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லாமல், முன் பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது; அவற்றில் ஒரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலும், டிஃபரென்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று வாகனத்தை உருளவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே நிலைதான்.

ஸ்பிரிங்கின் ஆற்றலையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் விறைப்புள்ள காயிலை 100 மில்லிமீட்டர் அமுக்கினால் அதில் 500 ஜூல் ஆற்றல் சேர்கிறது. 50 கிலோ எடையுள்ள இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. ஆகையால், வீட்டில் செய்பவர் ஸ்ட்ரட்டைப் பிரிக்கத் தேவையில்லாத, தலையின் மேல் அமரும் ஸ்பேசரைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. அதைப் பொருத்தும்போது சுற்றியுள்ள சிறிய நட்டுகளை மட்டும் கழற்ற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடக் கூடாது. காயிலை அமுக்கிப் பிடித்திருப்பது அதுதான். காயிலைத் தனியே பிரித்தாக வேண்டிய வேலை என்றால், அந்த ஒன்றை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

வேலையைத் தொடங்கும் முன், சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிவைக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தம் அளவைக் கெடுத்துவிடும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய மாலையே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவைத்தால் மறுநாள் போராட்டம் பாதியாகக் குறையும். போல்ட்டுகளைக் கழற்றும்போது கீழ்க்கையையோ ஆக்சிலையோ இன்னொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டு மெதுவாக இறக்க வேண்டும். தாங்காமல் விட்டால் அதன் எடை முழுவதையும் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். சென்சாரின் ஒயரும் தாங்க நேரிடும். ஹோஸ் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே கிழிந்திருக்கலாம். பிரேக் காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பால் ஜாயின்ட்டைப் பிரிக்க, கவட்டைக் கருவியைச் செருகி அடித்தால் ரப்பர் உறை கிழியும். அழுத்திப் பிரிக்கும் கருவியே பாதுகாப்பானது.

எல்லாம் பூட்டியாயிற்று என்ற நிலையில் செய்யப்படும் ஒரு தவறு எனக்குத் தெரிந்து மிகப் பரவலானது. கட்டுரையும் அதைச் செய்யும்படியே சொல்கிறது. சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லாப் போல்ட்டுகளையும் இறுதி முறுக்கு வரை இறுக்கிவிட வேண்டும் என்பது அதன் அறிவுரை. சஸ்பென்ஷன் கைகளின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ், பெரும்பாலான வாகனங்களில், உள்ளே ஓர் இரும்புக் குழலோடும் வெளியே ஒரு வளையத்தோடும் ஒட்டி வார்க்கப்பட்டது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் பிராக்கெட்டோடு அசையாமல் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு கை மேலும் கீழும் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். கை கீழே தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வாகனத்தைத் தரையில் இறக்கினால், சாதாரணமாக நிற்கும்போதே ரப்பர் முழு முறுக்கில் இருக்கும். வாகனம் ஓடாத இரவிலும் அது முறுக்கியபடியே கிடக்கும். அப்படிப்பட்ட புஷ் சீக்கிரமே வெடித்துக் கிழிகிறது. எனவே போல்ட்டுகளை முதலில் ஆட்டம் இல்லாத அளவுக்கு மட்டும் பிடித்துவைத்து, சக்கரங்களை மாட்டி, வாகனத்தைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, மேலிருந்து சில தடவை அமுக்கிவிட்டு, அது தன் உயரத்தில் அமர்ந்த பிறகே இறுதி முறுக்கைத் தர வேண்டும். அடியில் கை நுழைய இடமில்லையென்றால் நான்கு சக்கரங்களையும் உறுதியான பலகைகளின் மேல் ஏற்றி நிறுத்தலாம். தனித்தனித் துண்டுகளாக வந்து கிரீஸ் தடவிப் போடும் பாலியூரித்தேன் புஷ்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அந்த இறுதி முறுக்கு கை உணர்ச்சியால் தீர்மானிக்கப்படக் கூடாது. அரை மீட்டர் நீளக் கைப்பிடியை 40 கிலோ விசையோடு இழுத்தால் ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழுகிறது. சிறிய போல்ட்டை அது அறுத்துவிடும். சில பெரிய போல்ட்டுகளுக்கு அது போதாமலும் இருக்கும். தயாரிப்பாளரின் சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அளவு தரப்பட்டிருக்கிறது. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை விலைக்கோ வாடகைக்கோ எடுக்க முடியாதவர் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். நைலான் வளையம் உள்ள நட்டுகளும், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்களும் கட்டாயம் புதியவையாக இருக்க வேண்டும். கிட்டோடு வந்த போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற தரக்குறி இருக்கிறதா, அது கழற்றிய போல்ட்டின் தரத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

பிரேக் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது என்னைத் திகைக்க வைத்தது. பழைய ஆஃப் ரோடு வாகனங்கள் பலவற்றில், பின் ஆக்சிலுக்கு மேலே சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அல்லது மெல்லிய ஸ்பிரிங் ஆக்சிலுக்கு இறங்கும். சுமை ஏற்றினால் வாகனம் தாழ்கிறது, கம்பி வால்வைத் தள்ளுகிறது, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகிறது. சுமை இல்லாதபோது வாகனம் உயர்ந்து நிற்பதால், பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாதபடி வால்வு அழுத்தத்தைக் குறைக்கிறது. இப்போது வாகனத்தை 50 மில்லிமீட்டர் உயர்த்திவிட்டால் என்ன நடக்கும்? முழுச் சுமையோடு போகும்போதும் வால்வு அதைக் காலி வண்டியாகவே எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மிதியில் எந்த வித்தியாசமும் தெரியாது, எச்சரிக்கை விளக்கும் எரியாது. குடும்பமும் சாமான்களுமாக ஒரு நீண்ட இறக்கத்தில் திடீரென நிறுத்த வேண்டி வரும்போதுதான் அந்தக் குறை வெளிப்படும். இதற்கான திருத்தம் மிக எளியது: உயர்த்திய அளவுக்கு ஏற்ப அந்தக் கம்பியின் அடி பிராக்கெட்டை உயர்த்த வேண்டும். பல வாகனங்களுக்கு அந்தப் பிராக்கெட் தனியே கிடைக்கிறது; ஆனால் மலிவான கிட்டோடு அது பெரும்பாலும் வருவதில்லை. பிரேக் விசையை மின்னணு முறையில் பங்கிடும் புதிய வாகனங்களில் இந்த வால்வு இருக்காது. தம் வாகனத்தில் இருக்கிறதா என்று அறிய, பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு விளக்கைப் பிடித்துப் பார்த்தால் போதும். பிரேக் ஹோஸ்களையும் அதே நேரத்தில் சோதித்துவிடலாம். சக்கரங்கள் முழுவதும் தொங்கும்போதும், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பும்போதும் ஹோஸில் தளர்வு மிச்சமிருக்க வேண்டும்.

ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை, உயர்த்திய வாகனத்துக்கு வீல் அலைன்மென்ட் கட்டாயம். வீட்டில் நாடாவால் அளந்து, சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவான டோவை ஓரளவுக்குச் சரிசெய்வது, மெதுவாக ஓட்டி அலைன்மென்ட் மையம் வரை போய்ச் சேருவதற்கு மட்டுமே உதவும். நீண்ட கைகளால் பிடிக்கப்பட்ட முழு முன் ஆக்சிலில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. சேஸிஸ் உயரும்போது அந்தக் கைகள் சாய்ந்து ஆக்சிலையும் சுழற்றிவிடுவதால், 50 மில்லிமீட்டர் உயர்விலேயே, ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வான கேஸ்டர் கோணம் 2 டிகிரிக்கு மேல் குறையலாம். திருப்பிய பின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல், வேகத்தில் வாகனம் அலைபாய்வதற்கு அதுவே காரணம். இதைச் சாதாரண அலைன்மென்ட் தீர்க்காது; துளை ஓரமாக அமைந்த புஷ்களோ கேஸ்டர் பிளேட்டோ போட வேண்டும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடும் சாய்வு கூடுவதால், சேஸிஸில் அது பூட்டப்பட்ட பக்கமாக ஆக்சிலைச் சில மில்லிமீட்டர் இழுத்துக்கொள்ளும். அந்த ராடின் போல்ட் சற்றுத் தளர்ந்திருந்தாலும் வேகத்தில் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் உதறத் தொடங்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் கடைசியாக அதை மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது என் வழக்கம்.

ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யூ ஜாயின்ட் என்ற மடங்கும் மூட்டுகளின் கோணங்கள் சமமாக இருந்தால்தான் அது அதிராமல் சுழலும். உயர்த்திய பின் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் தரையிலிருந்து அதிர்வு வந்தால், சக்கரத்தை பேலன்ஸ் செய்யப் போகும் முன் இந்தக் கோணத்தை அளக்க வேண்டும். பின் ஷாஃப்ட் குட்டையாக உள்ள சிறிய வாகனங்களில் இது விரைவில் தலைகாட்டும்.

பம்ப் ஸ்டாப் என்ற சிறிய ரப்பர் கட்டையையும் மறக்கக் கூடாது. ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் வைத்தால், சக்கரம் முழுவதும் மேலேறும்போது பம்ப் ஸ்டாப்பில் இடிப்பதற்கு முன்பே ஸ்ட்ரட் தன் அடியில் போய் இடித்துவிடும். காயிலின் மேல் ஸ்பேசர் வைத்தால் காயிலின் சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கி இரும்புத் தூணாகிவிடும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: பம்ப் ஸ்டாப்பை அதற்கு ஈடாக நீட்டுவது.

வாகனம் உயர்ந்தால் ஹெட்லைட்டின் ஒளியும் உயர்கிறது. முன்புறத்தை மட்டும் தூக்கியிருந்தால் ஒளிக்கற்றை மேல்நோக்கியே சாய்ந்து எதிரே வருபவரின் கண்ணில் நேராக விழும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் தீரும் இந்த வேலையைச் செய்யாமல் இரவில் வாகனத்தை வெளியே எடுப்பது பிறருக்குச் செய்யும் அநீதி. முன் கண்ணாடியில் கேமராவும் பம்பரில் ரேடாரும் உள்ள புதிய வாகனங்களில் அவற்றையும் மறுபடி அளவீடு செய்ய வேண்டும். பதிவு அதிகாரிகளின் அனுமதி எந்த அளவு வரை உண்டு என்பதையும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் கிட் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது முறை.

வாகனம் கவிழும் தன்மை பற்றிக் கடிதங்களில் ஒன்று எழுப்பிய கேள்வி சரியானது. கட்டுரை அதை ஒதுக்கியிருக்கக் கூடாது. இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், ஒரு வாகனம் கவிழ்வதற்கு எவ்வளவு எதிர்ப்புக் காட்டும் என்பதற்கு எளிய அளவுகோல். அகலம் 1.5 மீட்டர், ஈர்ப்பு மையம் 0.70 மீட்டர் உயரத்தில் என்றால் அந்த எண் 1.07. சஸ்பென்ஷன் உயர்வால் ஈர்ப்பு மையம் 45 மில்லிமீட்டர் ஏறினால் அது 1.01 ஆகக் குறைகிறது. சாதாரணக் கார்களுக்கு இது 1.3க்கும் மேலே இருப்பதை நினைத்தால், ஆஃப் ரோடு வாகனத்துக்கு இழக்க அதிகம் மிச்சமில்லை என்பது விளங்கும். கூரையின் மேல் சுமைக் கூண்டும் உதிரிச் சக்கரமும் ஏற்றும் பழக்கம் உள்ளவர் உயர்த்திய பின் அதைக் கைவிட வேண்டும். திருப்பங்களில் வேகத்தைக் குறைக்க வேண்டும். குடும்பத்தில் அந்த வாகனத்தை ஓட்டும் மற்றவர்களுக்கும் இந்த மாற்றத்தைச் சொல்லி, ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பழகச் செய்ய வேண்டும்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், பின்னர் 1000 கிலோமீட்டர் அளவிலும், தொட்ட போல்ட்டுகள் அனைத்தையும் டார்க் ரெஞ்ச் கொண்டு மீண்டும் சோதிக்க வேண்டும். யூ போல்ட்டுகள் முதல் சோதனையில் சற்றுத் தளர்ந்திருப்பது இயல்பே. தொடக்கத்தில் எழுதிவைத்த நான்கு அளவுகளோடு ஒப்பிட்டு வாகனம் ஒரு பக்கம் சாயவில்லை என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளலாம்.

இவை அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், புதிய யூ போல்ட்டுகள், நட்டுகள், பிரேக் வால்வுக்கான பிராக்கெட், பம்ப் ஸ்டாப், அலைன்மென்ட் கட்டணம் என்று கிட்டின் விலைக்கு மேலும் ஒரு தொகை ஆகும். அதையும் சேர்த்தேகூட, பட்டறையில் கொடுத்து முழுக் கிட் போடுவதைவிட இது மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே கட்டுரையாளர் சொன்ன சிக்கனம் பொய்யன்று. கணக்கில் சில வரிகள் விடுபட்டிருக்கின்றன. தங்கள் வாகனப் பகுதியைப் பார்த்து, கையில் ஸ்பேனர் எடுக்கும் இளைஞர்கள் ஏராளம். ஸ்பேசரின் தடிமனைப் பற்றியும், தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்குவதைப் பற்றியும் கட்டுரையில் உள்ள இரண்டு தவறான அறிவுரைகளுக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறும், பின் பிரேக் வால்வு இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றை அதனுடன் சேர்க்குமாறும் ஆசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாகனப் பகுதியின் வாசகர்